உயர் இரசாயனம் பயிலப் புகுமுன்

கருநாடக இசை கற்கப் புகும் மாணவர் முதல் நாளிலேயே கீர்த்தனை பாடுவதில்லை. மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்த சரளி வரிசையையும், பின்னர் ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியவற்றையும் மூன்று காலங்களிலும் பாடிப் பழகிய பின்னரே அவர் கீதம், வர்ணம், கீர்த்தனை எனப் படிப்படியாக மேலே செல்கிறார். இவ்வரிசைகள் இன்னவை என விளங்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் போதும். அவை குரலில் படிவதற்கோ பல மாதங்கள் ஆகின்றன. விளங்குதல் வேறு, பழகுதல் வேறு என்னும் இவ்வுண்மையை இசையாசிரியர்கள் நெடுங்காலமாக அறிந்துள்ளனர்.

இரசாயனக் கல்விக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஆயினும் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரியில் இரசாயனத்தையோ, மருந்தியலையோ, இரசாயனப் பொறியியலையோ பயிலச் செல்லும் மாணவர்களுள் பலர் இதனை உணர்வதில்லை. சமன்பாட்டைச் சமன் செய்தல், மோல் கணக்கு, அலகு மாற்றம், தரம் பார்த்தல் ஆகியவை தாம் முன்பே படித்து முடித்த பாடங்கள் என்று அவர்கள் கருதுகின்றனர். படித்ததும் உண்மையே, தேர்வில் மதிப்பெண் பெற்றதும் உண்மையே. ஆனால் தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை உள்ள சில மாத இடைவெளியில் கை அப்பழக்கத்தை இழந்துவிடுகிறது. கல்லூரிப் பேராசிரியரோ அப்பழக்கம் மாணவரிடம் குறைவின்றி உள்ளது எனக் கொண்டே முதல் விரிவுரையைத் தொடங்குகிறார். இவ்விரண்டு எண்ணங்களுக்கும் இடைப்பட்ட பள்ளத்திலேயே திறமை மிக்க மாணவர் பலர் தடுக்கி விழுகின்றனர்.

புதியது ஒன்று, பழையன நான்கு

உயர்நிலைக் கணக்கு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் இது தெளிவாகும். லிட்டருக்கு 0.2 மோல் செறிவுள்ள அசெட்டிக் அமிலம் 100 மி.லி. எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்ஸைடு கரைசல் 50 மி.லி. அதனுடன் சேர்க்கப்படுகிறது. இவ்வாறு கிடைக்கும் தாங்கல் கரைசலின் பி.எச். மதிப்பு யாது?

இக்கணக்கில் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றேயாகும்: அமிலமும் அதன் உப்பும் கலந்திருக்கும் கரைசலின் பி.எச். மதிப்பு, அவ்விரண்டின் அளவுகளுக்கிடையேயுள்ள விகிதத்தைப் பொறுத்தது என்பது. ஏனையவை யாவும் பழையனவே. முதலாவதாக, கன அளவையும் செறிவையும் கொண்டு மோல்களைக் காண வேண்டும், அமிலம் 0.02 மோல், காரம் 0.01 மோல். இரண்டாவதாக, அவ்விரண்டும் ஒன்றுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் வினைபுரியும் என்பதைச் சமன்பாடாக எழுத வேண்டும். மூன்றாவதாக, குறைந்த அளவில் உள்ள காரம் முழுவதும் தீர்ந்துபோக, 0.01 மோல் உப்பு தோன்றி, 0.01 மோல் அமிலம் எஞ்சும் எனக் காண வேண்டும். நான்காவதாக, இரண்டும் சம அளவில் இருப்பதால் விகிதம் 1 என்பதையும், 1இன் மடக்கை பூஜ்யம் என்பதையும் உணர வேண்டும். எனவே அசெட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலியிலிருந்து பெறப்படும் 4.76 என்னும் எண்ணே விடையாகும்.

இதில் பழக்கமற்ற மாணவர் எங்கே தவறுகிறார்? வினை நிகழும் என்பதை மறந்து, ஊற்றிய அளவுகளையே நேராகச் சூத்திரத்தில் இட்டு, காரத்துக்கும் அமிலத்துக்கும் ஒன்றுக்கு இரண்டு என விகிதம் கொள்கிறார், 4.46 என்னும் தவறான விடையைப் பெறுகிறார். புதிய பாடத்தை அவர் நன்றாகவே விளங்கிக்கொண்டிருக்கிறார். அவரை வீழ்த்தியது பழைய பாடம். ஆனால் அவரோ தாங்கல் கரைசல் தமக்கு விளங்கவில்லை எனக் கருதி, அவ்வத்தியாயத்தையே மீண்டும் மீண்டும் படிக்கிறார். நோய் ஓரிடத்தில் இருக்க, மருந்தோ வேறோரிடத்தில் இடப்படுகிறது.

மனிதரின் உடனடி நினைவு ஒரே சமயத்தில் ஒரு சில செய்திகளையே தாங்கும் என்பது உளவியலில் நன்கு நிலைபெற்ற முடிவாகும். பழைய படிகள் நான்கும் சிந்தனையின்றிக் கையோட்டத்தில் நிகழுமாயின், மனம் முழுவதும் புதிய கருத்துக்கு உரியதாகிறது. அவை ஒவ்வொன்றும் முயற்சியை வேண்டுமாயின், புதிய கருத்துக்கு மனத்தில் இடமில்லாமற் போகிறது.

ஐம்பதாண்டுக் குழப்பம்

அடிப்படை உறுதிப்படாத நிலையில் மேற்படிப்பு எவ்வாறு தடுமாறும் என்பதற்கு இரசாயனத்தின் வரலாறே சான்று பகர்கிறது. 1808இல் தம் அணுக்கொள்கையை நூலாக வெளியிட்ட ஜான் டால்டன், நீர் மூலக்கூறில் ஹைட்ரஜன் அணு ஒன்றும் ஆக்ஸிஜன் அணு ஒன்றும் உள்ளன எனக் கொண்டார். 1811இல் அவகாட்ரோ, சம நிலைமைகளில் சம கன அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமமாகும் என்னும் கருத்தை வெளியிட்டார். இதன்படி நீரில் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு எனத் தெளிந்திருக்கலாம். ஆனால் அக்கருத்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் புறக்கணிக்கப்பட்டுக் கிடந்தது.

அதன் விளைவாக, ஆக்ஸிஜனின் அணு எடை 8 என ஒரு சாராரும் 16 என மற்றொரு சாராரும் எழுதி வந்தனர். ஒரே பொருளுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாய்பாட்டைக் கையாண்டனர். கெகூலே என்னும் ஜெர்மானிய அறிஞர் 1861இல் வெளியிட்ட பாடநூலில், அசெட்டிக் அமிலம் ஒன்றுக்கே வழங்கிவந்த பத்தொன்பது வாய்பாடுகளைத் தொகுத்துக் காட்டியுள்ளார்.

இக்குழப்பத்தைத் தீர்க்க வழிகாட்டியவர் இத்தாலி நாட்டின் கன்னிஸாரோ ஆவார். ஜெனோவாவில் ஆசிரியராக இருந்த அவர், தம் மாணவர்களுக்கு இரசாயனத்தின் அடிப்படைகளை எம்முறையில் கற்பித்தார் என்பதை 1858இல் ஒரு சிறு வெளியீடாக எழுதினார். அவகாட்ரோவின் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, வாயுக்களின் அடர்த்தியிலிருந்து மூலக்கூறு எடையையும், அதிலிருந்து அணு எடையையும் காணும் முறை அதில் ஒழுங்காக விளக்கப்பட்டிருந்தது. 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய சர்வதேச இரசாயன மாநாட்டில் அவ்வெளியீடு அறிஞர்களுக்கு வழங்கப்பட்டது. அம்மாநாட்டில் கலந்துகொண்ட இளைஞர்களுள் ஒருவரான மெண்டலீஃப், சீர்பெற்ற அணு எடைகளைக் கொண்டு 1869இல் தனிம அட்டவணையை வகுத்தார். மாணவர்களுக்காக வகுக்கப்பெற்ற அடிப்படைப் பாடம் ஒன்று, அறிஞர் உலகம் மேலே செல்லும் வழியைத் திறந்துவிட்டது என்பது கருதத்தக்கது.

சமன்பாடு என்னும் கணக்கேடு

மேற்படிப்புக்கு முன் பழக வேண்டிய திறன்களுள் முதலாவது, வாய்பாடும் சமன்பாடும் எழுதுவதாகும். சமன்பாடு என்பது பொருள்களின் வரவுசெலவுக் கணக்கு. வினைக்கு முன் எத்தனை அணுக்கள் இருந்தனவோ, வினைக்குப் பின்னும் அத்தனை இருத்தல் வேண்டும்.

சமையல் வாயுவின் முக்கியப் பகுதிகளுள் ஒன்றான பியூட்டேனை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறில் கார்பன் அணுக்கள் நான்கும் ஹைட்ரஜன் அணுக்கள் பத்தும் உள்ளன. அது முற்றாக எரியும்போது, பியூட்டேன் மூலக்கூறுகள் இரண்டு, ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் பதின்மூன்றுடன் சேர்ந்து, கார்பன் டை ஆக்ஸைடு எட்டையும் நீர் பத்தையும் தருகின்றன. இதனைச் சமன் செய்த மாணவர் அத்துடன் நில்லாது, நிறையையும் சரிபார்த்தல் நலம். இடப்பக்கம் 116ம் 416ம் சேர்ந்து 532. வலப்பக்கம் 352ம் 180ம் சேர்ந்து அதே 532. இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை தானாகவே வெளிப்படுகிறது. ஒரு கிராம் பியூட்டேன் எரிய ஏறத்தாழ 3.6 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். காற்றோட்டமற்ற சமையலறையில் அடுப்பெரிப்பது ஏன் ஆபத்தானது என்பதைச் சமன்பாடே உரைக்கிறது. ஆக்ஸிஜன் போதாதபோது நச்சு வாயுவான கார்பன் மோனாக்ஸைடு தோன்றுகிறது.

சமன் செய்வதில் தொடக்க நிலையினர் புரியும் பெரும்பிழை, மூலக்கூறுகளின் எண்ணிக்கையை மாற்றுவதற்குப் பதிலாக வாய்பாட்டையே மாற்றிவிடுவதாகும். ஆக்ஸிஜன் அணு ஒன்று குறைகிறது என்று நீரின் வாய்பாட்டில் ஓர் ஆக்ஸிஜனைக் கூட்டினால் கணக்கு நேராகலாம். ஆனால் பாத்திரத்தில் இருப்பது பின்னர் நீரன்று, ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஆகிவிடும்.

மோல்: எண்ணுதற்கரியதை நிறுத்தறிதல்

இரண்டாவது திறன் மோல் கணக்கு. அணுக்களை எண்ண இயலாது. ஆனால் நிறுக்க இயலும். நிறையையும் எண்ணிக்கையையும் இணைக்கும் பாலமே மோல். 2019 மே 20 முதல், ஒரு மோல் என்பது 6.02214076 ஐ 10இன் 23ஆம் அடுக்கால் பெருக்கிவரும் எண்ணிக்கையுள்ள துகள்கள் எனத் துல்லியமாக வரையறுக்கப்பட்டுள்ளது. அதற்கு முன் அது 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு வரையறுக்கப்பட்டிருந்தது. வரையறை மாறினும் மாணவரின் கணக்கு முறை மாறவில்லை.

சுண்ணாம்புக் காளவாய் ஒன்றில் 250 கிலோகிராம் சுண்ணாம்புக்கல் இடப்படுகிறது; அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கால்ஷியம் கார்பனேட் எனக் கொள்வோம். தூய பொருள் 225 கிலோகிராம் ஆகிறது. கால்ஷியம் கார்பனேட்டு 100 பங்கு சிதைந்தால் கால்ஷியம் ஆக்ஸைடு 56 பங்கும் கார்பன் டை ஆக்ஸைடு 44 பங்கும் கிடைக்கும். ஆகவே கிடைக்கும் கால்ஷியம் ஆக்ஸைடு 126 கிலோகிராம். காற்றில் கலக்கும் வாயு 99 கிலோகிராம். இரண்டையும் கூட்டினால் மீண்டும் 225 வருகிறது. விடையைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் இப்பழக்கம், விடையைப் பெறும் பழக்கத்தைப் போன்றே இன்றியமையாதது.

அலகுகளும் இலக்கங்களும்

மூன்றாவது திறன், அலகுகளையும் இலக்கங்களையும் மதித்தல். 1958 அக்டோபரில் இந்தியாவில் மெட்ரிக் எடைகள் நடைமுறைக்கு வரத் தொடங்கியபோது, சேரும் தோலாவும் பழகியிருந்த வணிகரும் இல்லத்தாரும் ஒரு தோலா ஏறத்தாழ 11.66 கிராம் என்னும் கணக்கைப் பழக வேண்டியதாயிற்று. எண்ணுடன் அலகையும் சேர்த்தே எழுதிப் பெருக்கினால் எது வகுக்க வேண்டியது, எது பெருக்க வேண்டியது என்பதை அலகே காட்டிவிடும். இரசாயனத்திலும் அவ்வாறே. வாயு மாறிலியின் மதிப்பு ஜூல் அலகில் 8.314, லிட்டர்–வளிமண்டல அழுத்த அலகில் 0.0821. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை இட்டால் விடை நூறு மடங்கு பிறழும். வெப்பநிலையைக் கெல்வினில் எழுத மறப்பதும் இத்தகையதே.

இலக்கங்களின் மதிப்பை உணர்த்துவதற்கு ராலே பிரபுவின் ஆராய்ச்சியினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை எனலாம். அவர் காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜனையும், இரசாயனக் கூட்டுப்பொருள்களிலிருந்து பெற்ற நைட்ரஜனையும் நிறுத்துப் பார்த்தார். லிட்டர் ஒன்றுக்கு முன்னது 1.2572 கிராம், பின்னது 1.2505 கிராம். வேறுபாடு இருநூறில் ஒரு பங்கு அளவினதே. இரண்டு இலக்கங்களுடன் நிறுத்தியிருந்தால் இரண்டும் 1.3 எனவே காணப்பட்டிருக்கும். நான்காம் இலக்கத்தையும் ஐந்தாம் இலக்கத்தையும் நம்பத்தக்க வகையில் அளந்த கையே, காற்றில் அதுவரை எவரும் அறியாத வாயு ஒன்று ஒளிந்திருப்பதை உணர்த்திற்று. ராலேயும் ராம்ஸேயும் 1894இல் அறிவித்த அவ்வாயுவே ஆர்கான். 1904இல் ராலே பௌதிகத்திலும் ராம்ஸே இரசாயனத்திலும் நோபெல் பரிசு பெற்றனர்.

அளவுக்கு மிஞ்சிய இலக்கங்களை எழுதுவதும் பிழையே. பத்தில் ஒரு மில்லிலிட்டர் கோடுகளுள்ள பியூரெட்டில் அளந்துவிட்டு, கணக்கிடும் கருவி காட்டிய எட்டு இலக்கங்களையும் விடையாக எழுதும் மாணவர், தாம் அறியாததை அறிந்ததாகக் கூறுகிறார்.

கைத்திறன்

நான்காவது திறன் ஆய்வுக்கூடத்தில் கையால் பெற வேண்டியது. திட்டக் கரைசல் தயாரித்தல் இதற்கு நல்ல தொடக்கம். ஆக்ஸாலிக் அமிலப் படிகத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றுடனும் நீர் மூலக்கூறுகள் இரண்டு பிணைந்துள்ளன. ஆகவே அதன் மோல் நிறை 126 கிராம். லிட்டருக்கு 0.1 மோல் செறிவுள்ள கரைசல் 250 மி.லி. தயாரிக்க 3.15 கிராம் நிறுக்க வேண்டும். படிக நீரை மறந்து மோல் நிறையை 90 எனக் கொண்டால், 2.25 கிராமே தராசில் வைக்கப்படும். கரைசலின் செறிவு ஏறத்தாழ 0.071ஆகக் குறையும். அக்கரைசலைக் கொண்டு அளக்கப்படும் ஒவ்வொரு காரத்தின் மதிப்பும் அதே விகிதத்தில் பிறழும். அதன்பின் பியூரெட்டை எத்துணைக் கவனத்துடன் கையாண்டாலும் பயனில்லை.

தரம் பார்த்தலில் நுட்பங்கள் சில உண்டு. பியூரெட்டையும் பிப்பெட்டையும் அவற்றில் எடுக்கப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும். கூம்புக் குடுவையை நீரால் மட்டுமே அலச வேண்டும். கரைசலின் வளைந்த மேற்பரப்பின் அடிப்பகுதியைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பொட்டாஸியம் பெர்மாங்கனேட் போன்ற அடர்ந்த நிறக் கரைசலாயின் மேல் விளிம்பைப் பார்க்க வேண்டும். பிப்பெட்டின் முனையில் எஞ்சும் துளியை ஊதி வெளியேற்றலாகாது. அத்துளியை விடுத்தே அதன் அளவு குறிக்கப்பட்டுள்ளது. இவ்விதிகளை ஒருமுறை படித்தால் விளங்கும். ஆனால் நிறங்காட்டி மாறும் அந்த ஒரு துளியில் கை தானாக நிற்பதற்குப் பல நாட் பயிற்சி வேண்டும்.

1896இல் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் மெர்க்குரஸ் நைட்ரைட் என்னும் கூட்டுப்பொருளைக் குறித்த ஆராய்ச்சியை வெளியிட்டார். பாதரசத்தின்மீது நீர்த்த நைட்ரிக் அமிலம் குளிர்ந்த நிலையில் வினைபுரிந்தபோது, எதிர்பாராத வகையில் மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. அவற்றை வேறு ஏதோ உப்பு என ஒதுக்கிவிடாமல், அளந்து பகுத்து அவற்றின் இயைபைக் கண்டமையாலேயே அது கண்டுபிடிப்பாயிற்று. எதிர்பாராதது எவர் கண்ணிலும் படலாம். அதனை இன்னதென நிறுவுவது பழகிய கையே.

நல்கொண்டா நீரும் ஒரு பியூரெட்டும்

இப்பயிற்சி தேர்வுக்கு மட்டும் உரியதெனக் கருதுதல் பிழை. இன்றைய தெலங்கானாவில் உள்ள நல்கொண்டா மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. ஃபுளூரைடு மிகுந்த நீரைத் தொடர்ந்து பருகுவோருக்குப் பற்களில் கறை படிகிறது. அளவு மேலும் மிகுந்தால் எலும்புகளும் மூட்டுகளும் கெட்டு, நிமிரவும் நடக்கவும் இயலாத நிலை வருகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம், லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளூரைடு ஏற்கத்தக்கது எனவும், வேறு நீர் கிடையாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் எனவும் கூறுகிறது.

இந்நீரைச் சீர்செய்ய நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் வகுத்த எளிய முறை, நல்கொண்டா முறை என்றே பெயர்பெற்றது. நீரில் படிகாரமும் சுண்ணாம்பும் வெளுப்புத்தூளும் சேர்த்துக் கலக்கித் தெளியவைத்து வடிகட்டுவது அம்முறை. சேர்க்க வேண்டிய படிகாரத்தின் அளவு இரண்டைப் பொறுத்தது: நீரிலுள்ள ஃபுளூரைடின் அளவு ஒன்று, நீரின் காரத்தன்மை மற்றொன்று. இரண்டும் உயர உயரப் படிகாரமும் கூடுகிறது.

காரத்தன்மை எவ்வாறு அளக்கப்படுகிறது? மெதில் ஆரஞ்சு நிறங்காட்டியும் நீர்த்த கந்தக அமிலமும் கொண்டு, பள்ளியில் கற்ற அதே தரம் பார்த்தலால்தான். 0.02 நார்மல் அமிலத்தைக் கொண்டு 100 மி.லி. நீரைத் தரம் பார்த்தால், செலவாகும் அமிலத்தின் ஒவ்வொரு மில்லிலிட்டரும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் கால்ஷியம் கார்பனேட்டுக்கு ஈடான காரத்தன்மையைக் குறிக்கும். 38.5 மி.லி. செலவாயின் காரத்தன்மை 385. பரிசோதிப்பவர் 50 மி.லி. நீர் எடுத்து, அதனை 100 மி.லி. எனக் கொண்டே கணக்கிட்டுவிட்டால், உண்மையில் உள்ளதில் பாதியே ஏட்டில் பதிவாகும். அட்டவணை காட்டும் படிகாரமும் குறையும். ஃபுளூரைடின் ஒரு பகுதி நீரிலேயே தங்கும். மிகுதியாகக் கணக்கிட்டாலோ வேண்டாத அலுமினியமும் சல்ஃபேட்டும் நீரில் எஞ்சும். பிழையின் விலையைத் தருபவர் பரிசோதித்தவர் அல்லர். அக்குடத்து நீரைப் பருகும் குழந்தை.

உயர் இரசாயனம் பயின்று வெளிவரும் பட்டதாரிகளிடமே நாளை இத்தகைய ஆய்வுக்கூடங்கள் ஒப்படைக்கப்படுகின்றன. மருந்துத் தொழிற்சாலைகளும் உரத் தொழிற்சாலைகளும் மருத்துவமனை ஆய்வகங்களும் அவ்வாறே. அவர்கள் கற்ற குவாண்டம் கொள்கையை அன்றாடம் பயன்படுத்தும் வாய்ப்பு எல்லாருக்கும் அமையாது. மோலும் அலகும் பியூரெட்டும் எல்லாருக்கும் அன்றாடம் வேண்டியவை.

பயிலும் முறை

கல்லூரி திறக்குமுன் உள்ள காலத்தில் நான்கு வாரங்கள் இதற்கெனச் செலவிட்டால் பெரும்பயன் விளையும். நாள்தோறும் ஒரு மணி நேரம் போதும். முதல் வாரத்தில் அயனிகளின் பெயர், மின்னேற்றம், வாய்பாடு ஆகியவற்றையும் சமன்பாடுகளையும் எழுதிப் பழகலாம். இரண்டாம் வாரத்தில் மோல், செறிவு, எஞ்சும் பொருள் ஆகிய கணக்குகள். மூன்றாம் வாரத்தில் அலகு மாற்றம், அடுக்குக்குறி, மடக்கை, பொருளுறு இலக்கங்கள். நான்காம் வாரத்தில் இவையனைத்தும் கலந்த கணக்குகள்.

இப்பயிற்சியில் கவனிக்க வேண்டியவை சில. ஒன்று, தீர்க்கப்பட்ட கணக்கைப் படித்து ஒப்புக்கொள்வது பயிற்சியாகாது. நூலை மூடிவிட்டு வெற்றுத்தாளில் தாமே எழுத வேண்டும். பார்த்தவுடன் தெரிந்தது போலத் தோன்றுவது, எழுதும்போது தெரியாதது என வெளிப்படும். நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகளுக்கு மட்டுமே பழகியவர்களுக்கு இது முதலில் கடினமாகவே இருக்கும். இரண்டு, ஒரே நாளில் நாற்பது கணக்குகளைச் செய்வதைவிட, நாளொன்றுக்கு நான்காகப் பத்து நாட்கள் செய்வது மேல். இடைவிட்டுப் பயின்றது நெடுநாள் நிலைக்கும் என்பதை எபிங்ஹவுஸ் என்னும் ஜெர்மானிய உளவியலறிஞர் 1885இலேயே தம் நினைவாற்றல் ஆராய்ச்சியில் காட்டினார். பின்வந்த ஆராய்ச்சிகளும் அதனை உறுதி செய்துள்ளன. மூன்று, கணக்கிடுமுன் விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என மதிப்பிட வேண்டும். தசமப்புள்ளி இடம் மாறிய பிழை இம்மதிப்பீட்டுக்குத் தப்பாது. நான்கு, செய்த பிழைகளை ஒரு தனி ஏட்டில் வகைப்படுத்தி எழுத வேண்டும். இரண்டு வாரங்களில் அவ்வேட்டைப் புரட்டினால், பிழைகள் பலவல்ல, இரண்டு மூன்று வகைகளே திரும்பத் திரும்ப வருகின்றன என்பது பெரும்பாலும் புலப்படும். எதனைப் பயில வேண்டும் என்பதற்கு அதனினும் சிறந்த வழிகாட்டி இல்லை.

கைத்திறன் பயில வீட்டில் வசதியில்லை. அமிலங்களையும் காரங்களையும் வீட்டில் கையாளவும் கூடாது. ஆயினும் பள்ளி அல்லது கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் வெறும் நீரைக்கொண்டே பெரும்பகுதி பழகலாம். பியூரெட்டிலிருந்து துளித்துளியாக நீர் விட்டு, குறித்த அளவில் நிறுத்திப் பழகலாம். பிப்பெட்டால் 10 மி.லி. நீரை எடுத்துத் தராசில் நிறுக்கலாம். 25 பாகை செல்ஷியஸில் அது ஏறத்தாழ 9.97 கிராம் இருத்தல் வேண்டும். ஐந்து முறை அளந்து ஐந்தும் நெருங்கி வந்தால் கை பழகியது எனக் கொள்ளலாம்; இல்லையேல் மீண்டும் அளக்க வேண்டும். தராசு எவருக்கும் முகமன் கூறுவதில்லை.

ஆசிரியர்களும் இதில் துணைபுரிய இயலும். முதல் வாரத்திலேயே மதிப்பெண் இடாத ஒரு சிறு தேர்வை நடத்தி, எம்மாணவரிடம் எத்திறன் தளர்ந்துள்ளது என அறிந்து கூறினால், பல மாதத் தடுமாற்றம் தவிர்க்கப்படும். ஆய்வுக்கூட வசதி குறைந்த சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்து வரும் மாணவர்களுக்கு இது தனிப்பட்ட முறையில் பயன் தரும். பியூரெட்டை முதன்முறை கையிலெடுக்கும் மாணவர் அறிவிற் குறைந்தவர் அல்லர், வாய்ப்பில் குறைந்தவர். அக்குறையைச் சில வாரப் பயிற்சி ஈடுசெய்யும்; கவனிக்காது விட்டால் அதுவே திறமையின்மை எனத் தவறாக எண்ணப்பட்டு, அவர் இரசாயனத்தையே கைவிடக்கூடும்.

எளிய பாடங்களுக்குத் திரும்புவது இழிவு எனச் சில மாணவர் எண்ணுகின்றனர். தேர்ந்த பாடகர் விடியற்காலையில் அகார சாதகம் செய்வதை எவரும் இழிவெனக் கருதுவதில்லை. சமன்பாடும் மோலும் அலகும் அளவும் நான்கு வாரப் பயிற்சியில் கைவசமாயின், உயர் பாடத்தின் முதல் விரிவுரையில் மாணவர் செவி முழுவதும் புதிய கருத்துக்கே உரியதாகும்.